மதிலில் படர்ந்த பழமரங்கள்

பாரிஸ் நகரைச் சுற்றியுள்ள நிலத்தில் பீச் மரம் மார்ச் மாதத்திலேயே பூத்துவிடும். உறைபனியோ ஏப்ரல் கடந்து மே வரையிலும் விழும். மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களையும் ‘பனிப் புனிதர்’ நாட்கள் என்று பிரெஞ்சு உழவர்கள் இன்றும் அஞ்சுவதுண்டு. பூவும் பிஞ்சும் கருக ஓர் இரவு போதும். தப்பிப் பிழைத்த காயும் வெயில் போதாத கோடையில் இனிப்பேறாமல் நின்றுவிடும். பீச் சீனாவில் தோன்றி, பாரசீகம் வழியாக ரோமானியரிடம் வந்து, மத்தியதரைக் கடலோரம் செழித்த மரம். அதை வடக்கே கொண்டுபோய்ப் பழுக்க வைக்க பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் மதிலைத் துணைக்கு அழைத்தார்கள்.

வெயில் படும் மதிலை ஒட்டி மரத்தை நட்டு, கிளைகளை இருபுறமும் விரித்துச் சுவரோடு கட்டிவிடுவார்கள். இப்படி வளர்க்கும் முறைக்கு எஸ்பாலியே என்று பெயர். பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் இரவில் மெல்ல வெளிவிடும், குளிர்காற்றையும் தடுக்கும். மரத்துக்கு உயரமும் அகலமும் உண்டு, கனம் கிடையாது. அதனால் எல்லா இலைக்கும் எல்லாக் காய்க்கும் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் எந்த மரமும் தானாகத் தட்டையாக வளர்வதில்லை. முன்னோக்கியும் மேல்நோக்கியும் கிளைவிடுவதே அதன் இயல்பு. மதிலோடு வைத்திருக்க வேண்டுமானால் ஆண்டு முழுவதும் வெட்டியும் வளைத்தும் கட்டியும் வர வேண்டும். ஐரோப்பியக் கவாத்துக் கலை நுணுக்கம் பெற்றது இந்தக் கட்டாயத்தால்தான்.

கவாத்து அதற்கு முன்பே இருந்தது. திராட்சைக் கொடியையும் ஆலிவ் மரத்தையும் வெட்டிவிடும் முறையை ரோமானிய வேளாண் நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. ஆனால் சுவர்மரம் தனிக் கலையாக உருவெடுத்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டிலும். 1600இல் ஒலிவியே தெ செர் வெளியிட்ட பெரிய வேளாண் நூலில் எஸ்பாலியே இடம்பெற்றுவிட்டது. 1652இல் ரூவான் நகருக்கு அருகிலுள்ள ஏனூவீல் ஊர்ப் பங்குத்தந்தை லெ ழாந்தர் பெயரில் பழமர வளர்ப்பு நூல் ஒன்று வந்தது. அதே காலத்தில், அரசவையைத் துறந்து போர்-ரொயால் மடத்தில் ஒதுங்கி வாழ்ந்த ஆர்னோ தாந்தியி மதிலோரம் பேரியும் பீச்சும் வளர்த்து, விளைந்த பழங்களை அரசி ஆனுக்கு அனுப்பிவந்தார். பாதிரியாரும் துறவு பூண்ட பிரபுவும் கவாத்துக் கத்தி ஏந்திய காலம் அது. பழம் அன்று செல்வத்தின் அடையாளம் மட்டுமல்ல, பொறுமையின் சான்றாகவும் மதிக்கப்பட்டது.

இந்தக் கலைக்கு அரச மதிப்பைத் தேடித் தந்தவர் ழான்-பத்தீஸ்த் லா கெந்தினி. 1626இல் பிறந்த அவர் முதலில் வழக்கறிஞர். ஒரு பிரபுவின் மகனுக்கு ஆசிரியராக இருந்தபோது அவனுடன் இத்தாலி சென்றார். அங்கே கண்ட தோட்டங்கள் அவர் தொழிலையே மாற்றிவிட்டன. நிதியமைச்சர் ஃபூக்கேயின் வோ-லெ-விக்கோந்த் மாளிகையில் பணிபுரிந்தார். ஃபூக்கே சிறைப்பட்ட பிறகு பதினான்காம் லூயி மன்னரின் சேவைக்கு வந்து, 1670இல் அரச மாளிகைகளின் பழ, காய்கறித் தோட்டங்களுக்கெல்லாம் தலைவரானார்.

வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் 1678 முதல் 1683 வரை அவர் அமைத்த அரசர் தோட்டம் சுமார் 9 ஹெக்டேர் பரப்பு கொண்டது. ஒதுக்கித் தந்த இடமோ நாற்றமடிக்கும் சதுப்புநிலம். நீரை வடிகாலில் வடித்து, வேறு இடங்களிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. மதில்களையும் மேடைகளையும் கட்டியவர் அரண்மனையின் கட்டடக் கலைஞர் அர்துவேன்-மான்சார். நடுவே வட்டக் குளம். அதைச் சுற்றிக் காய்கறிப் பாத்திகள் நிறைந்த பெரிய சதுக்கம். அதற்கும் வெளியே, உயர்ந்த சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு தோட்டங்கள். இத்தனை சுவர்கள் அழகுக்காக எழுந்தவை அல்ல. ஒவ்வொரு சுவரும் வெவ்வேறு திசை பார்க்கிறது. காலை வெயில் விரும்பும் மரம் ஒரு சுவரிலும், நாள் முழுதும் வெயில் வேண்டும் பீச் இன்னொரு சுவரிலும், தாமதமாகப் பழுக்க வேண்டிய பேரி நிழல் மிகுந்த சுவரிலும் இடம்பெற்றன. அதனால் ஒரே பழவகையின் அறுவடைக் காலத்தைக் கூடப் பல வாரங்களுக்கு நீட்டிக்க முடிந்தது. அரண்மனைக் குதிரை லாயத்தின் சாணம் தந்த சூட்டில் குளிர்காலத்திலேயே கீரை வளர்த்தார். மார்ச் இறுதியில் ஸ்ட்ராபெரி, ஜூன் மாதத்தில் அத்திப்பழம் மன்னரின் மேசைக்குப் போனது. அத்தி மன்னருக்கு மிகப் பிடித்த பழம் என்பதால் தொட்டிகளில் வளர்த்த 700 அத்திமரங்களுக்குத் தனி இடமே இருந்தது. லூயி மன்னர் அடிக்கடி தோட்டத்துக்கு வந்தார். கவாத்து செய்யவும் அவரிடம் கற்றுக்கொண்டார்.

லா கெந்தினியின் பெருமை முன்பருவப் பழங்களில் இல்லை. தோட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததை அவர் செய்து பார்த்துச் சோதித்தார். பிறை பார்த்துத்தான் வெட்ட வேண்டும், நட வேண்டும் என்ற நம்பிக்கை அன்று பிரான்ஸ் முழுவதும் வேரூன்றி இருந்தது. பல ஆண்டுகள் கவனித்தபின், வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் மரத்தின் விளைச்சலோடு தொடர்பில்லை என்று துணிந்து எழுதினார். இடம் மாற்றி நடும் மரத்தில் பழைய சல்லிவேர்கள் மடிந்துபோவதையும், வெட்டிய வேர்முனையிலிருந்தே புதுவேர் கிளம்புவதையும் கண்டு, நடும்போது வேரையும் திருத்தி நடச் சொன்னார். தடித்து ஓங்கும் கிளை மரத்தைப் பெருக்கும், மெலிந்த கிளையே காய் தரும் என்று இரண்டையும் பிரித்துக் காட்டி, எதை வெட்டுவது, எதை விடுவது என்பதற்குக் காரணம் சொல்லிக்கொடுத்தார். 1687இல் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் தந்தார். மறு ஆண்டே அவர் இறந்தார். அவருடைய பெருநூல் 1690இல் மகனின் முயற்சியால் அச்சேறியது. 1693இல் ஜான் ஈவ்லின் பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது.

கவாத்தின் அடிப்படை எளிது. செங்குத்தாக நிற்கும் கிளைக்கு வீரியம் அதிகம். அதன் நுனிமொட்டு, கீழே உள்ள மொட்டுகளை அடக்கிவைத்து மேலே மேலே போகும். கிளையைச் சாய்த்தால் அந்த அடக்கம் தளர்கிறது. நெடுகிலும் மொட்டுகள் விழிக்கின்றன. வளர்ச்சி குறைந்து பூமொட்டு கூடுகிறது. ஆகவே வலுத்த கிளையைத் தாழ்த்திக் கட்டுவதும் மெலிந்ததை நிமிர்த்திவிடுவதும் மரத்தின் இருபக்கத்தையும் சமன் செய்யும் வழி. 1727இல் ஸ்டீவன் ஹேல்ஸ் இங்கிலாந்தில் மரச்சாற்றின் அழுத்தத்தை அளந்து எழுதினார். நுனிமொட்டின் ஆதிக்கத்துக்கு வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் காரணம் என்று தெரியவந்ததோ இருபதாம் நூற்றாண்டில். தோட்டக்காரர்கள் இந்தக் காரணங்களை அறியாமலே பலனைக் கைவசப்படுத்தியிருந்தார்கள்.

இந்தக் கலையை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றது அரண்மனைத் தோட்டமல்ல, பாரிசுக்குக் கிழக்கே இருந்த மோந்த்ரேய் என்ற கிராமம். அருகிலிருந்த பாஞோலே பகுதியில் ஒதுங்கி வாழ்ந்த ழிரார்தோ என்ற முன்னாள் அரச வீரர் தம் பீச் பழங்களை லூயி மன்னருக்கு அளித்து, அதிலிருந்தே ஊருக்குப் புகழ் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படி இருந்தாலும் ஊரின் வளம் காலடியில் கிடந்தது. மோந்த்ரேயின் மண்ணுக்கடியில் ஜிப்சம் பாறை. அதைச் சுட்டுப் பொடித்தால் பிளாஸ்டர். கல்லும் மண்ணும் கொண்டு சுவர் எழுப்பி, மேலே பிளாஸ்டர் பூசினார்கள். வெண்மை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், சுவரின் கனம் சூட்டைத் தேக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிளாஸ்டரில் ஆணி எங்கே வேண்டுமானாலும் இறங்கும். ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரச் சுவர்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடின. அதனால் இருபக்கமும் வெயில் பட்டு இருபக்கமும் மரம் வளர்க்க முடிந்தது. குறுகிய நீண்ட மனைகளை நெருக்கமாக மதிலால் அடைத்தபோது உள்ளே தனியொரு தட்பவெப்பமே உருவானது. சுவரின் தலையில் மழை வழியாதபடி முன்நீட்டிய கூரைவிளிம்பு உண்டு. பூக்கும் காலத்தில் அதிலிருந்து வைக்கோல் பாய்களைத் தொங்கவிட்டுப் பனியைத் தடுத்தார்கள்.

பீச் மரத்தில் கவாத்து தவறினால் மன்னிப்பில்லை. ஆப்பிளும் பேரியும் ஒரே குறுங்கிளையில் பல ஆண்டுகள் காய்க்கும். பீச் அப்படியல்ல, சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில்தான் இந்த ஆண்டு காய் பிடிக்கும், காய்த்த குச்சி மறுமுறை காய்க்காது. அதை அப்படியே விட்டால் ஆண்டுக்காண்டு காய்ப்பு நுனிக்கு நகர்ந்து, நடுச்சுவர் மொட்டையாகிவிடும். மோந்த்ரேய் உழவர்கள் ஒவ்வொரு காய்க்கும் குச்சியிலும் இரண்டு ஆண்டுகளை ஒன்றாகக் கணக்கிட்டார்கள். குளிர்காலம் முடியும் தறுவாயில் குச்சியைக் கூர்ந்து பார்ப்பார்கள். உருண்டு மென்மயிர் போர்த்தியிருப்பது பூமொட்டு. மெலிந்து கூராக இருப்பது இலைமொட்டு. பல கணுக்களில் இரு பூமொட்டுக்கு நடுவே ஓர் இலைமொட்டு இருக்கும். சில பூக்கணுக்களை மட்டும் விட்டு, கடைசி மொட்டுக்குச் சற்றுமேலே சாய்வாக வெட்டுவார்கள். கூடவே, குச்சியின் அடியில் தாய்க்கிளையை ஒட்டிய ஓர் இலைமொட்டைக் காத்துவைப்பார்கள். கோடையில் மேலே காய் பருக்கும்போது அடிமொட்டு துளிர்த்து ஒரு புதுக்குச்சியாகும். அறுவடைக்குப் பின் காய்த்த பகுதியை அந்தப் புதுக்குச்சிவரை வெட்டி எறிந்தால், அடுத்த ஆண்டின் வாரிசு தயாராக நிற்கும். ஒரு மரத்தில் நூற்றுக்கணக்கான குச்சிகளுக்கு இந்த முடிவை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

வெட்டி முடித்ததும் கட்டும் வேலை. தையற்கடைகளில் மிஞ்சிய கம்பளித் துணியைச் சிறு நாடாக்களாகக் கிழித்து, ஒரு நாடாவைக் கிளையைச் சுற்றி மடித்து, இரு முனைகளையும் சேர்த்து ஓர் ஆணியால் பிளாஸ்டரில் அறைவார்கள். துணி கிளையை நெரிக்காது. காற்றில் உரசித் தோல் கிழியவும் விடாது. குளிர்காலத்தில் ஆணிகளையெல்லாம் பிடுங்கி, மரத்தைச் சுவரிலிருந்து விடுவித்து, கவாத்து முடித்து, மறுபடி புதிதாக அறைவது வழக்கம். விறைத்த விரல்களோடு நாள் முழுதும் செய்யும் இந்த வேலையில் பெண்களின் பங்கு பெரிது. மே மாதத்தில் முன்பக்கமும் சுவர்ப்பக்கமும் கிளம்பும் துளிர்களைக் கிள்ளுவது, ஜூன் மாதத்தில் நெருங்கிய பிஞ்சுகளைக் கலைப்பது, பழுக்கும் முன் பழத்தை மறைக்கும் இலைகளைச் சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிச் செம்மை ஏற்றுவது என ஆண்டு முழுதும் மரத்தோடேயே கழியும். பறித்த பீச்சின் சுணையைத் தூரிகையால் துடைத்தே சந்தைக்கு அனுப்பினார்கள். பறக்கும் சுணை தோலில் அரிப்பையும் மூச்சில் எரிச்சலையும் தரும். மென்மையான அந்தப் பழத்துக்குப் பின்னால் இந்தத் துன்பமும் இருந்தது.

மோந்த்ரேய் மரத்துக்கு நடுத்தண்டு கிடையாது. நட்ட கன்றை அடியிலேயே வெட்டி, எழும் துளிர்களில் இரண்டை மட்டும் வைத்து, வலமும் இடமும் சாய்த்துத் தாய்க்கிளைகளாக்குவார்கள். நடுவே செங்குத்தாக ஒன்றை விட்டால் சாறு முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ளும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இந்தக் கிராமத்து அறிவை வெளியுலகம் மதிக்கச் செய்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரொஜே ஷபோல் என்ற பாதிரியார். எழுத்தறிவு குறைந்த உழவர்களிடம் போய்க் கேட்டு, அவர்களையே ஆசான்களாக ஏற்று எழுதினார். அவர் 1768இல் மறைந்தார். 1841இல் மோந்த்ரேய் வளர்ப்பாளர் அலெக்சி லெபேர் பீச் கவாத்து பற்றித் தாமே நூல் எழுதினார். உழவர் தம் தொழிலைத் தம் பெயரில் எழுத இவ்வளவு காலம் பிடித்தது. கவாத்து வரலாற்றில் அரசவைத் தோட்டக்காரருக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்த ஊராருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிவங்களின் காலம். பழைய விசிறி வடிவத்தோடு, இருபுறமும் படிப்படியாகக் கிடைமட்டக் கிளை நீட்டும் பால்மெத், ஒற்றைத் தண்டாக ஓடும் கோர்தோன், யு வடிவம், இரட்டை யு, கொத்துவிளக்கு எனப் புதிது புதிதாகத் தோன்றின. கிடையாக ஓடிய கிளைகளை நுனியில் நிமிர்த்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் வடிவம், லா சோல்சே வேளாண் பள்ளித் தோட்டக்காரர் வெரியேயின் பெயரைத் தாங்கியது. இந்த வடிவங்கள் கண்ணுக்கு விருந்து. முழு உருவம் பெறப் பல ஆண்டுகளும், அதைக் காக்க ஓயாத கையும் கேட்டன. அதே காலத்தில் கருவியும் மாறியது. வளைந்த கவாத்துக் கத்திக்குப் பதிலாக, இரு அலகு கொண்ட கவாத்துக் கத்தரி வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் என்று பதினாறாம் லூயியின் முன்னாள் அமைச்சர் பெர்த்ரான் தெ மோல்வில் குறிப்பிடப்படுகிறார். கத்தரி கட்டையை நசுக்குகிறது, கத்தியின் வெட்டே சுத்தம் என்று மூத்த தோட்டக்காரர்கள் நெடுநாள் அதைத் தொட மறுத்தனர். வேகம் கடைசியில் வென்றது.

1873இல் வெர்சாய் அரசர் தோட்டத்திலேயே தேசியத் தோட்டக்கலைப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஒகுஸ்த் ஆர்தி. 1878இல் மோந்த்ரேய் வளர்ப்பாளர்கள் தங்களுக்கெனத் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அப்போது மோந்த்ரேய் தன் உச்சத்தில் இருந்தது: சுமார் 300 ஹெக்டேர் நிலத்தில் 600 கிலோமீட்டர் நீளச் சுவர்கள், நல்ல ஆண்டில் 1.7 கோடிப் பழங்கள். பழங்கள் பாரிசின் மத்தியச் சந்தைக்கும் அங்கிருந்து ஐரோப்பிய அரச மாளிகைகளுக்கும் போயின. ஆப்பிளில் படம் பதிக்கும் தனிக்கலையும் இங்கே வளர்ந்தது. காயைச் சிறு பருவத்திலேயே பையால் மூடி வெளிச்சம் படாமல் வெளிறச் செய்து, பழுக்கும் முன் பையை நீக்கி, வெட்டிய உருவத்தாளை ஒட்டிவிடுவார்கள். வெயில் பட்ட இடம் சிவக்க, மறைந்த இடத்தில் அரசரின் முகமோ முத்திரையோ தெரியும்.

இந்தப் பொருளாதாரத்தைத் தகர்த்தது ரயில். பாரிசையும் லியோனையும் மார்செய் துறைமுகத்தையும் இணைத்த பாதை 1850களில் முழுமை பெற்றதும், ரோன் பள்ளத்தாக்கிலும் தெற்கிலும் மதிலின் துணையில்லாமல் திறந்தவெளியில் விளைந்த பீச் தலைநகரை வந்தடைந்தது. அது முன்னதாகப் பழுத்தது, விலையும் மலிவு. மோந்த்ரேய் தரத்தால் சில காலம் தாக்குப்பிடித்தது. ஒரு மரத்துக்கு இத்தனை மணிநேர உழைப்பு என்ற கணக்கு, கூலி உயர உயரக் கட்டுப்படியாகவில்லை. பாரிஸ் வளர்ந்து கிழக்கே பரவியபோது மனைவிலை பழத்தின் விலையை விழுங்கியது. பழமர மதில்களில் பல வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் எல்லைச் சுவர்களாயின, மற்றவை இடிந்தன. சில குடும்பங்கள் பீச்சைக் கைவிட்டு மதில்களுக்கு நடுவே மலர் பயிரிட்டுப் பிழைத்தன.

கவாத்துச் சிந்தனை அத்தோடு நின்றுவிடவில்லை. துவே நகருக்கு அருகிலுள்ள வாஞொன்வீல் பள்ளியில் பணியாற்றிய லூயி லொரெத், பேரி மரத்தின் பக்கக் குச்சிகளைக் குளிர்காலத்தில் வெட்டுவதை விட்டு, ஜூன் மாதம் தொடங்கி மாதம் ஒருமுறையாகக் கோடையில் வெட்டும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம், ஆப்பிளை ஒட்டுக்கட்டும் வேர்ச்செடிகளைத் தரம் பிரித்து எண்ணிட்டது. பிரெஞ்சு மூலத்திலிருந்து வந்த எம்.9 என்ற குட்டை வேர்ச்செடி, வெட்டி அடக்க வேண்டிய வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்துவிட்டது. 1970களுக்குப் பின் போர்தோ வேளாண் ஆய்வு நிலையத்தின் ழான்-மரி லெஸ்பினாஸ், ஒவ்வோர் ஆப்பிள் வகைக்கும் தனக்கே உரிய கிளைக்கும் பழக்கமும் காய்க்கும் பழக்கமும் உண்டு, அதற்கேற்பவே மரத்தை நடத்த வேண்டும் என்று காட்டினார். மரத்தைத் தன் வடிவுக்கு வளைத்த நாடு, மரத்தின் வடிவைக் கேட்டு நடக்கத் தொடங்கியது. கம்பி வரிசையில் மெலிந்த சுவராக நிற்கும் இன்றைய ஆப்பிள் தோப்புகளில் எஸ்பாலியேயின் வடிவம் வேறு உருவில் தொடர்கிறது.

வெர்சாய் அரசர் தோட்டம் 1991 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. நிலத்தோற்றக் கலைப் பள்ளி அதே வளாகத்தில் இயங்குகிறது. மோந்த்ரேயில் எஞ்சிய மதில் தோட்டங்களில் 8.5 ஹெக்டேர் பரப்பு 2003இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. வளர்ப்பாளர் சங்கத்தின் பள்ளித் தோட்டத்தில் துணி நாடாவும் ஆணியும் கொண்டு பீச்சைச் சுவரில் கட்டும் முறை இன்றும் கற்றுத்தரப்படுகிறது. பீச் நீண்ட ஆயுள் கொண்ட மரமல்ல. பழைய புகழ்க்காலத்தில் நட்ட எந்த மரமும் இன்று உயிரோடு இல்லை. இப்போது மதிலில் நிற்பவை எல்லாம் அண்மைக் காலத்தில் நட்டு, முதல் ஆண்டிலிருந்தே புதிய கைகள் வெட்டி வளர்த்தவை.